ஒரு விரல் நீள மெக்னீசியம்

கொளுத்தினவளுக்கு அது தெரியாது, கொளுத்தாதவர்களுக்கெல்லாம் தெரியும். எண்ணெய் கேட்காது, திரி கேட்காது, ஊதினால் அசையாது, மழையில் நனையாது. ஊருக்கெல்லாம் பொது, ஒருத்திக்கு மட்டும் இல்லை. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்.

சூரியன் என்பீர்கள், சூரியனை யாரும் கொளுத்தவில்லை. நிலா என்பீர்கள், நிலா மாதத்துக்கு ஒரு நாள் லீவு போடும், இது போடாது. விடை தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். சங்குமேட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விடை தெரியும். ஆனால் எட்டாம் வகுப்பு முத்துப்பேச்சி இருக்கிற இடத்தில் யாரும் இந்த விடுகதையைப் போட மாட்டார்கள். அவள் கம்பு தட்டி வருகிற சத்தம் கேட்டால், போட்ட விடுகதையைக்கூடப் பாதியில் விழுங்கிவிடுவார்கள். அந்த அளவுக்கு மரியாதை அந்த ஊருக்கு உண்டு. அதற்கு மேல் இல்லை.

சங்குமேடு கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே கிடக்கிற உப்பள ஊர். கிழக்கே பார்த்தால் பாத்தி பாத்தியாக உப்பு, மேற்கே பார்த்தால் உடைமரக் காடு. வெயில் அங்கே வானத்திலிருந்து ஒரு தடவையும் உப்பிலிருந்து ஒரு தடவையும் அடிக்கும் என்பதால், ஊரில் பாதிப் பேருக்கு முப்பது வயதிலேயே கண் சுருங்கிப் போயிருக்கும். அந்த ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஞானசுந்தரி டீச்சர் பதினான்கு வருடமாக அறிவியல் நடத்தினார். பதினான்கு வருடமும் தவறாமல், கரும்பலகையில் "மெக்னீசியம் கண்ணைக் கூசும் வெண்ணிற ஒளியுடன் எரிந்து வெண்ணிறச் சாம்பலைத் தரும்" என்று எழுதிப் போட்டு, பிள்ளைகளை மூன்று தடவை பார்த்துச் சொல்ல வைத்து, நான்காவது தடவை பார்க்காமல் சொல்ல வைத்து, பரீட்சையில் அதையே கேட்டு, சரியாக எழுதினவர்களுக்கு இரண்டு மதிப்பெண் போட்டார். அந்த வெளிச்சத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவருக்குப் பாடம் நடத்தின டீச்சரும் பார்த்ததில்லை.

பள்ளி அலமாரியில் ஒரு மருந்துக் குப்பிக்குள் மெக்னீசியம் நாடா ஒன்று இருந்தது. ஒரு விரல் நீளம். அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே வந்தது. அதைக் கொளுத்திவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாததால், பார்வையிட வருகிற அதிகாரிக்குக் காட்டத்தான் அது என்று ஒவ்வொரு தலைமையாசிரியரும் அடுத்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அதிகாரிகள் வந்தார்கள், குப்பியைத் தூக்கிப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள். அந்த வருடம் வந்த புது அதிகாரி மட்டும், "குப்பியைப் பார்க்க வரவில்லை, செய்து காட்டச் சொல்லுவேன்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார்.

செய்து காட்ட முத்துப்பேச்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். அளத்தில் உப்பு வாருகிற சண்முகக்கனியின் ஒரே பிள்ளை அவள். அப்பா கேரளாவுக்குப் போனவர் போனவர்தான். பேச்சிக்குக் கை நடுங்காது, ஒரு தடவை சொன்னதை மறக்க மாட்டாள், சொன்னதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டாள். இந்த மூன்றும் இருக்கிற பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் தங்கம்.

பத்து நாள் ஒத்திகை நடந்தது. நாடாவைத் தொட முடியாது என்பதால், தென்னை ஈர்க்கு ஒன்றை விரல் நீளத்துக்கு ஒடித்து இடுக்கியில் பிடிக்க வைத்து, ஸ்பிரிட் விளக்கையும் ஏற்றாமல் ஏற்றினதாக வைத்துக்கொண்டு, எரியாத ஈர்க்கு எரிவதாக எல்லோரும் பார்த்துப் பழகினார்கள்.

"கையை ஆட்டாத. மூஞ்சியைச் சுளிக்காத. கண்ணை மட்டும் எடுக்கவே எடுக்காத பேச்சி" என்றார் டீச்சர். "நீ அங்கிட்டு இங்கிட்டுப் பாத்தா, பிள்ளை பயந்துட்டுன்னு அதிகாரி நெனப்பாரு. சாம்பல் ஆகுத வரைக்கும் நுனியையே பாக்கணும்."

"எப்பம் சாம்பல் ஆவும் டீச்சர்?"

"நான் தலையை ஆட்டுவேன். அப்பம் ஆயிட்டுன்னு வச்சுக்க."

"நுனியையே பாத்துட்டு இருந்தா, நீங்க தலையை ஆட்டுதத எப்படிப் பாக்கது?"

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். "சரி தாயி, தொண்டையைச் செருமுதேன். காது இருக்குல்லா, அது போதும்."

பாடப்புத்தகத்தில் அந்தச் சோதனைக்குக் கீழே, சின்ன எழுத்தில், எரியும் நாடாவை நேராகப் பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அது பரீட்சைக்கு வராத வரி. பதினான்கு வருடமாக டீச்சர் அதைத் தாண்டித்தான் அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த நாள் வந்தது. அதிகாரி ஆய்வகத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தலைமையாசிரியர் வேலாயுதமும், இன்னொரு பக்கம் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் ஊரின் பெரிய அளத்துக்கு முதலாளியுமான தங்கப்பழம் அண்ணாச்சியும் உட்கார்ந்தார்கள். டீச்சர் நாடாவில் ஏறியிருந்த கறுப்பை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, இடுக்கியில் வைத்துக் கொடுத்தார். பேச்சி நுனியைச் சுடரில் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தங்கப்பழம் அண்ணாச்சி கொட்டாவி விட வாயைத் திறந்தார்.

அப்போது வெளிச்சம் வந்தது. எப்படி வந்தது என்றால், உப்பளத்து உச்சி வெயிலை ஒரு புளியங்கொட்டைக்குள் அடைத்து வைத்திருந்து திறந்துவிட்டது போல வந்தது. பிறந்ததிலிருந்து வெள்ளை வெயிலில் வளர்ந்த அந்த ஊர்க்காரர்களே கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சரும் பொத்திக்கொண்டார், ஆனால் விரலிடுக்கு வழியாகப் பார்த்தார். பதினான்கு வருடம் எழுதிப் போட்ட அந்த வரியில் ஒரு வார்த்தைகூட இதற்குக் காணாது என்று அவருக்குத் தெரிந்தது. தான் இத்தனை நாள் பார்க்காத சாப்பாட்டுக்குச் சமையல் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நினைப்பில் அவர் தொண்டையைச் செரும மறந்தார்.

முகத்தைப் பொத்தாமல், சுளிக்காமல், கண்ணை எடுக்காமல் நின்றது பேச்சி ஒருத்திதான்.

நாடா எரிந்து தீர்ந்தது. வெள்ளைச் சாம்பல் மேசையில் உதிர்ந்தது. வெளிச்சம் மட்டும் நாடா இருந்த இடத்தில், மேசைக்கு ஒரு சாண் மேலே, ஓர் எலுமிச்சம்பழம் அளவில் அப்படியே நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். "நல்ல பயிற்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி சாப்பிடப் போனார்.

"டீச்சர், சாம்பல் ஆயிட்டா?" என்று கேட்டாள் பேச்சி. இடுக்கியை இன்னும் நீட்டிப் பிடித்தபடியே நின்றாள்.

"எப்பமோ ஆயிட்டும்மா. கையை இறக்கு."

"அப்பம் ஏன் டீச்சர் இருட்டிட்டு?"

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை, பார்வைதான் இல்லை என்று சொல்லி, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சண்முகக்கனி அதை வேளை தவறாமல் விட்டாள். பள்ளிக்கூடத்தில் வெளிச்சத்தை ஊதினார்கள், விசிறினார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டால் சூடில்லை, பிடித்தால் பிடியில் வரவில்லை. "நாளைக்குத் தானா அணைஞ்சிரும்" என்று தலைமையாசிரியர் வேலாயுதம் ஒரு வாரம் சொன்னார், பிறகு சொல்வதை நிறுத்தினார்.

முதல் வாரம் ஊர் பயந்தது. இரண்டாம் வாரம் வேடிக்கை பார்க்க வந்தது. மூன்றாம் வாரம் அந்த வெளிச்சத்தில் அரிசி புடைத்தது. வெளிச்சம் வெளியே வரட்டும் என்று ஆய்வகத்துக் கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். அளத்தைப் பார்த்த கிழக்குச் சுவரை இடித்துவிட்டு இரும்புக் கம்பி அடைத்தார்கள். அதன் பிறகு சங்குமேட்டில் ராத்திரி என்று ஒன்று இல்லாமல் போயிற்று. தெருவிளக்குப் பல்புகளை ஆளுக்கு ஒன்றாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மின்வெட்டைப் பற்றி வருடக்கணக்காகச் சண்டை போட்டவர்கள் சண்டைக்கு வேறு விஷயம் தேடினார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி முற்றத்தில் விடிய விடியப் படித்தார்கள். கல்யாணங்களைப் பந்தல்காரனுக்கு லைட் வாடகை கொடுக்காமல் நடத்தினார்கள். சிலர் கம்பியில் எலுமிச்சம்பழம் கோத்துக் கட்டினார்கள், சிலர் மெழுகுதிரி வைத்தார்கள். வெளிச்சத்துக்கு எதற்கு மெழுகுதிரி என்று யாரும் கேட்கவில்லை. சேவல்கள் எப்போது கூவுவது என்று புரியாமல் நினைத்தபோதெல்லாம் கூவிவிட்டு, பிறகு கூவுவதையே விட்டுவிட்டன. இருட்டின பிறகு உடைமரக் காட்டுக்கு ஒதுங்கப் போகிற பெண்கள் இருட்டைத் தேடி இரண்டு மைல் நடந்தார்கள். அதைப் பற்றி மட்டும் எந்தக் கூட்டத்திலும் பேச்சு வரவில்லை.

தங்கப்பழம் அண்ணாச்சி அளத்தில் ராத்திரி வேலையைத் தொடங்கினார். "வெயில் கிடையாது, வேர்வை கிடையாது, கண்ணுக்குக் குளிர்ச்சி" என்று சொல்லித்தான் ஆள் கூப்பிட்டார். பிறகு பகல் வேலையையும் நிறுத்தவில்லை. சண்முகக்கனி பகலில் வாரினாள், ராத்திரியும் வாரினாள், நடுவில் மகளுக்குச் சோறு ஊட்டப் போய் வந்தாள். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் டீச்சரைப் பார்த்தபோது, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"உங்க வெளிச்சத்துல உப்பு நல்லாத் தெரியுது டீச்சர். ஒவ்வொரு பரலும் தனித்தனியாத் தெரியுது. வாருற ஒவ்வொரு தட்டுலயும் என் பிள்ள கண்ணைத்தான் அள்ளிக் கொட்டுதேன்னு தோணுது. உங்களுக்கு அப்படித் தோணாதோ?"

டீச்சர் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பேச்சியின் படம் போட்டு "ஒளி தந்த மாணவி" என்று பெரிய பலகை வைத்தார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்காக வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். டீச்சருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு டீச்சர் தினமும் ஆய்வகத்தில் கொஞ்ச நேரம் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேச்சி அந்த நாற்காலியிலேயே இருந்தாள். செருப்புச் சத்தத்தை வைத்து, "போயிட்டு வாங்க டீச்சர்" என்பாள்.

ஏழு மாதம் இப்படிப் போயிற்று. தை மாதம், பொங்கலுக்கு முன்னால், ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்க வாட்ச்மேன் மாசானத்தை விட்டார்கள்; அன்றைக்கு மட்டும் பேச்சியை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வெள்ளைச் சுவரில் அந்த வெளிச்சம் பட்டுத் தெறித்து மாசானத்தின் கண்ணைக் குத்திற்று. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் தீயணைக்கிற மணல் வாளி தொங்கியது. மணல் என்றோ போய்விட்டது, வாளி மட்டும் இருந்தது. அதை எடுத்து மேசை மேல் வெளிச்சத்தை மூடிக் கவிழ்த்துவிட்டு, நிம்மதியாக ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெள்ளையடித்தார்.

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போயிருக்கும். ஞானசுந்தரி டீச்சர் விடைத்தாள் கட்டை எடுக்க அந்தப் பக்கம் வந்தவர், ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்து, வாளியைப் பார்த்து, "என்னத்தை மூடி வச்சிருக்கீரு?" என்று கேட்டார். மாசானம் வாளியின் ஓரத்தை விரலளவு தூக்கிக் காட்டினார். எலுமிச்சம்பழம் நெல்லிக்காய் ஆகியிருந்தது.

அதே நேரத்தில் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, கம்பு இல்லாமல், பேச்சி ஓடி வந்தாள். "தெரியுது, டீச்சர், தெரியுது. வேப்பமரம் தெரியுது. அம்மா மூக்குத்தி தெரிஞ்சுது" என்று கத்திக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் அளத்துச் சேலையோடு சண்முகக்கனி ஓடி வந்தாள்.

டீச்சருக்குக் கேட்டது. கேட்டதும் புரிந்தது. பதினான்கு வருடம் பிள்ளைகளுக்கு விளைவும் காரணமும் சொல்லிக் கொடுத்த மனதுக்கு, வாளியையும் அந்தக் கத்தலையும் சேர்த்துப் பார்க்க ஒரு நொடிகூட வேண்டியிருக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் மூடியிருந்தால் நெல்லிக்காயும் போய்விடும்; நாடா இனி இல்லை; அந்த வெளிச்சத்தை அவர் இனி ஒருநாளும் பார்க்கப் போவதில்லை.

"எடும், அணைஞ்சிரும், எடும்" என்றார் டீச்சர்.

மாசானம் வாளியை எடுத்தார். முற்றத்தின் நடுவில் பேச்சி கால் இடறி விழுந்தாள்.

சுருங்கின வெளிச்சம் திரும்ப வளரவில்லை. அளத்தின் கடைசி வரிசைப் பாத்திகளுக்கு அது எட்டவில்லை என்று தங்கப்பழம் அண்ணாச்சி வந்து சத்தம் போட்டார். மாசானத்தை வேலையை விட்டு எடுத்தார்கள். வாளியைப் பழையபடி மூலையில் தொங்கவிட்டுவிட்டு, ஆய்வகத்துக்குப் புதுத் தேக்குக் கதவு போட்டுப் பூட்டினார்கள். சாவியை, பொறுப்பானவர் என்பதால், ஞானசுந்தரி டீச்சரிடம் கொடுத்தார்கள்.

இப்போது ஊர் முழுவதற்கும் தெரிந்துவிட்டது: அதை மூடினால் அவளுக்குப் பார்வை வரும், இன்னும் ஒரு மணி நேரம் மூடினால் அது அணைந்து போகும், பாதி வழி என்று எதுவும் கிடையாது. ஊர் அவ்வளவு மோசமான ஊர் இல்லை. மூடக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

"மூடிருவோம், யாரு வேண்டாம்னது? பிள்ளையளுக்குப் பரீட்சை வருது, அது மட்டும் முடியட்டும்" என்றார்கள். பரீட்சை முடிந்தது. "அம்மன் கோயில் கொடை வருதே, கொடைக்கு இருட்டுல நிக்கவா?" என்றார்கள். கொடை முடிந்தது. "உப்பு விளையுற காலம். மழை விழட்டும், அதுக்கப்புறம் எதுக்கு வெளிச்சம்" என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. அந்த வருடம் மழை பிந்திற்று.

"எனக்கு அவசரம் இல்ல அண்ணாச்சி" என்றாள் சண்முகக்கனி, பஞ்சாயத்து அலுவலகத்தில், எல்லோரும் இருக்கும்போது. "உங்க பேத்தி கண்ணை ரெண்டு நாளைக்குக் கழட்டிக் குடுங்க. மழை விழுந்ததும் திருப்பித் தாரேன்."

அண்ணாச்சி செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார்.

மறு திங்கட்கிழமை அவள் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனுக் கொடுத்துவிட்டு வந்தாள். மனுவைப் படித்தவர்கள் அதைக் கல்வித் துறைக்கு அனுப்பினார்கள். கல்வித் துறை, சம்பந்தப்பட்ட சிறுமியின் விருப்பத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் கேட்டு முடிவு செய்யலாம் என்று எழுதி, அதே அதிகாரியை அனுப்பியது. தலைமையாசிரியர் வேலாயுதம் அந்தக் கடிதத்தை டீச்சரிடம் நீட்டினார்.

"வேண்டாம்னு அவ சொன்னா, மைனர் பிள்ளை பேச்சு செல்லாதுன்னு எழுதிரலாமாம், அண்ணாச்சி விசாரிச்சுட்டாரு. இருக்கட்டும்னு சொன்னா அத்தோட முடிஞ்சுது. எதுக்கு வம்பு? நல்லாச் சொல்லிக் குடுங்க. நீங்க சொன்னா அப்படியே சொல்லுவா."

டீச்சர் வாக்கியத்தை எழுதினார், அடித்தார், வேறு எழுதினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பேச்சிக்குப் படித்துக் காட்டினார். வெளிச்சம் இருக்கட்டும் ஐயா, ஊர் நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன்.

பேச்சி பிசகாமல் சொன்னாள். "இன்னொரு மட்டம் சொல்லவா டீச்சர்?"

"வேண்டாம். சரியா இருக்கு."

"அன்னைக்கு உங்களப் பாத்தேன் டீச்சர். மாசானம் மாமா வாளியைக் கவுத்துன அன்னைக்கு."

டீச்சர் தாளை நான்காக மடித்தார்.

"மஞ்சச் சேலை கெட்டியிருந்தீங்க. ஜன்னல்ல நின்னீங்க. நான் தெரியுது தெரியுதுன்னு கத்திட்டு வந்தேன். கேக்கலையா?"

"கேக்கலம்மா."

"கேக்கலையா" என்றாள் பேச்சி. "நான் சத்தமாத்தான் கத்துனேன்."

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, பள்ளி முற்றத்தில் சாமியானா போட்டு நடந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், வெளிச்சம் வந்த பிறகு எத்தனை பேர் தேறினார்கள் என்று சொன்னார்கள். அளத்து ஆட்கள் சொன்னார்கள். கடைக்காரர்கள் சொன்னார்கள். ஒவ்வொருவரும் பேசி முடித்துவிட்டுப் பேச்சியின் தலையைத் தடவிவிட்டுப் போனார், அவள் தலை எண்ணெய்ப் பிசுக்காகக் கலைந்து போயிற்று. கடைசியாக அதிகாரி, "பயப்படாம சொல்லும்மா" என்றார்.

"வெளிச்சம் இருக்கட்டும் ஐயா. ஊர் நல்லா இருந்தா நானும் நல்லா இருப்பேன்."

கை தட்டல் சாமியானாவைத் தூக்கிற்று. பின்னால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சண்முகக்கனி, "இது என் பிள்ளை பேச்சு இல்ல" என்றாள். "பிள்ளையே சொல்லியாச்சு, நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்றார் அதிகாரி. கையெழுத்துப் போட்டார். வடையும் காபியும் வந்தன.

"டீச்சர், வெயில் சுடுது" என்றாள் பேச்சி. "நான் உள்ள போய் என் நாற்காலியில இருக்கட்டா?"

ஞானசுந்தரி டீச்சர் அவளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில், காதில் விழுகிற மாதிரி வைத்தார். பிறகு வடைத் தட்டை எடுத்துக்கொண்டு அதிகாரி இருந்த பக்கம் போனார். போகும்போது அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. கொடுத்தேன் என்றும் சொல்லலாம், மறந்து வைத்துவிட்டேன் என்றும் சொல்லலாம்.

தேக்குக் கதவு உள்பக்கம் தாழ் விழுகிற சத்தத்தை யாரும் கவனிக்கவில்லை. கிழக்குப் பக்கம் கம்பி வழியாகப் பார்த்த ஒரு பையன்தான், "மூடிட்டா" என்று ஓடி வந்து சொன்னான். வடை கையோடு எல்லோரும் ஓடினார்கள்.

பேச்சி மேசைக்கு முன்னால் நின்றாள். வாளி கவிழ்ந்திருந்தது, அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றியிருந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் முகங்கள் வந்து வந்து சேர்ந்தன. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கிறாள் என்பது அவர்களுக்கும் தெரிந்தது, அதனால் முன்னால் நின்றவர்கள் பின்னால் போகப் பார்த்தார்கள், பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். தங்கப்பழம் அண்ணாச்சி கடப்பாரை கேட்டார். அரசாங்கக் கதவை உடைக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்றார் தலைமையாசிரியர். அனுமதி கொடுக்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்றார் அதிகாரி.

"நீதானம்மா இருக்கட்டும்னு சொன்ன?" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார் அவர்.

"அது சொல்லிக் குடுத்த பதிலு ஐயா" என்றாள் பேச்சி.

அழுதார்கள், திட்டினார்கள், பெயர் சொல்லிக் கெஞ்சினார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் கெஞ்சினார்கள். உன் அம்மாவுக்கு இனி இந்த அளத்தில் வேலை கிடையாது என்றார் அண்ணாச்சி; சண்முகக்கனி கூட்டத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் போயிற்று, முப்பது போயிற்று.

"டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர். "நீங்க சொன்னா கேப்பா."

வழி விட்டார்கள். டீச்சர் கம்பிக்கு முன்னால் வந்து நின்றார். அதிகாரி பக்கத்தில் நின்றார், அண்ணாச்சி பக்கத்தில் நின்றார், ஊர் முதுகுக்குப் பின்னால் நின்றது. வாளியின் விளிம்புக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நூல் அளவு வெள்ளை இன்னும் தெரிந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பேச்சி டீச்சரைப் பார்த்தாள்.

"எடுத்திரு பேச்சி" என்றார் டீச்சர். "எடுத்திரும்மா."

முத்துப்பேச்சி வாளியை எடுக்கவில்லை.